ஒன்றுக்குப் பத்து: மரக் கணக்கு இடறும் இடம்

சாலையை அகலப்படுத்தவோ பேருந்து நிலையம் கட்டவோ மரம் வெட்ட அனுமதி தரும் ஆணைகளில் வழக்கமாக ஒரு நிபந்தனை இருக்கும்: வெட்டும் ஒவ்வொரு மரத்துக்கும் பத்துக் கன்று நட வேண்டும். ஒன்று போனால் பத்து வருகிறதே என்று ஊரும் சமாதானமாகிவிடும். அந்தப் பத்தும் என்ன மரம், நடும்போது எவ்வளவு உயரம், எந்தச் சர்வே எண்ணில் நடுவது, எத்தனை ஆண்டு யார் தண்ணீர் ஊற்றுவது, மூன்றாம் ஆண்டு போய் எண்ணுவது யார் என்று கேட்டால் பதில் கிடைப்பது அரிது. தமிழ்நாட்டில் மரத்தைக் காக்கும் விதிகளே இல்லை என்று சொல்வது சரியல்ல. விதிகள் இருக்கின்றன, பல துறைகளில் சிதறிக் கிடக்கின்றன. வெட்டியதை ஈடுசெய்யும் பகுதியில்தான் பெரிய ஓட்டை. அங்கே தலை எண்ணப்படுகிறது, மரம் எண்ணப்படுவதில்லை.

யார் நிலம், எந்த மரம்

ஒரு மரத்தை வெட்ட அனுமதி வேண்டுமா என்ற கேள்விக்கு ஒற்றைப் பதில் கிடையாது. மரம் நிற்கும் நிலம் யாருடையது, அது மலையா சமவெளியா, என்ன வகை மரம் என்ற மூன்றையும் பார்த்தாக வேண்டும்.

மலைப்பகுதிகளுக்கு 1955-ஆம் ஆண்டின் தமிழ்நாடு மலைப்பகுதிகள் மரப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. நீலகிரி, கொடைக்கானல் போல அறிவிக்கை செய்யப்பட்ட பகுதிகளில் சொந்தப் பட்டா நிலத்து மரமானாலும் ஆட்சியர் தலைமையிலான குழுவின் அனுமதியில்லாமல் கோடரி வைக்க முடியாது. மாநிலத்தில் கைக்குக் கிடைக்கும் சட்டங்களில் இதுதான் கொஞ்சம் பல் உள்ளது. ஆனால் இது நாட்டு மரமா, வந்தேறியா என்று கேட்பதில்லை. தேயிலைத் தோட்டத்தில் நிழலுக்கு வைத்த சில்வர் ஓக் ஆஸ்திரேலிய மரம். அதற்கும் இதே விண்ணப்பம்தான், சோலைக்காட்டு நாவலுக்கும் இதே விண்ணப்பம்தான்.

தனியார் காடு என்று அறிவிக்கப்பட்ட இடங்களுக்கு 1949-ஆம் ஆண்டுச் சட்டம் தனியாக உண்டு. இவற்றுக்கு மேல், கோதவர்மன் திருமுல்பாடு வழக்கில் 1996 டிசம்பர் 12 அன்று உச்ச நீதிமன்றம் பிறப்பித்த உத்தரவு இருக்கிறது. பதிவேட்டில் என்ன பெயர் இருந்தாலும், அகராதிப் பொருளில் காடாக இருப்பதெல்லாம் காடுதான் என்று சொன்ன உத்தரவு அது. சந்தனத்துக்கு விதி தனி. 2008-ஆம் ஆண்டுப் பட்டா நிலச் சந்தன மர விதிகளின்படி, மரம் நில உரிமையாளருடையதாக இருந்தாலும் வெட்டி எடுப்பது வனத்துறை வழியாகத்தான். தேக்கு போன்ற மரங்களை வெட்டிய பிறகு லாரியில் ஏற்ற 1968-ஆம் ஆண்டு விதிகளின்படி வனத்துறையின் பாஸ் வேண்டும். பட்டா நகல், அடங்கல், வி.ஏ.ஓ. சான்று இல்லாமல் அந்தப் பாஸ் நகராது.

புறம்போக்கு மரம் அரசு மரம். ஏரிக்கரையிலோ வண்டிப்பாதையிலோ நிற்கும் புளி, பனை, தென்னையின் பலனை எடுத்துக்கொள்ள ஒருவருக்கு மரப்பட்டா கொடுத்திருந்தால் அது கிராமக் கணக்கில் 2சி-யில் ஏறியிருக்கும். 2சி வைத்திருப்பவருக்குக் காயும் பழமும் சொந்தம், அடிமரம் அரசுடையது. பழைய 2சி கணக்கு இதனாலேயே முக்கியமாகிறது. இந்த இடத்தில் மரமே இருந்ததில்லை என்று ஒரு துறை எழுதிக் கொடுக்கும்போது, மரம் இருந்ததற்கு எழுத்துச் சாட்சி அதுதான்.

சமவெளியில், சொந்தப் பட்டா நிலத்தில், வேம்போ புங்கனோ இலுப்பையோ நின்றால் வெட்டுவதைத் தடுக்கப் பொதுவான சட்டம் எதுவும் இல்லை. கர்நாடகத்தில் 1976-லிருந்து, டெல்லியில் 1994-லிருந்து, மகாராஷ்டிர நகரங்களில் 1975-லிருந்து தனி மரச் சட்டம் நடப்பில் இருக்கிறது. இங்கே அந்த இடைவெளியை அரசாணைகளால் அடைத்துக்கொண்டு வருகிறார்கள். 2021-ல் மாநில அளவிலும் மாவட்ட அளவிலும் பசுமைக் குழுக்கள் அமைக்கப்பட்டன. மாவட்டக் குழுவுக்கு ஆட்சியர் தலைவர். அரசு நிலத்திலும் அரசு வளாகத்திலும் நிற்கும் மரத்தை எடுக்க வேண்டுமானால் அந்தக் குழுவிடம் போக வேண்டும். அரசாணையால் ஒரு துறையைக் கட்டுப்படுத்த முடியும். தன் மனையில் இரவோடு இரவாக இலுப்பையைச் சாய்ப்பவரை அரசாணையால் எதுவும் செய்துவிட முடியாது. தண்டனை என்ற ஒன்று வேண்டுமென்றால் சட்டமன்றத்தில் நிறைவேறிய சட்டம் வேண்டும்.

177 சதுர மீட்டர் நிழல்

ஒரு வளர்ந்த மரத்தை எடுத்துக்கொள்வோம். கிளை விரிப்பு இந்த முனைக்கும் அந்த முனைக்கும் 15 மீட்டர். ஊர் முனையில் நிற்கும் நடுத்தர ஆலோ வாகையோ இந்த அளவு இருக்கும். அதன் அடியில் விழும் நிழல் ஏறக்குறைய 177 சதுர மீட்டர். நர்சரியிலிருந்து வரும் நல்ல கன்றின் கிளை விரிப்பு ஒரு மீட்டர் என்று தாராளமாகவே வைத்துக்கொண்டாலும் அதன் நிழல் 0.8 சதுர மீட்டர்கூட வராது. பத்துக் கன்றுக்கு 8 சதுர மீட்டர். வெட்டிய அன்றைக்கே நிழலை ஈடுகட்ட வேண்டுமென்றால் 225 கன்று வேண்டும். பத்துதான் என்றால், பத்தும் பிழைத்து ஒவ்வொன்றும் நாலே முக்கால் மீட்டர் அகலத்துக்கு விரிந்த நாளில்தான் கணக்கு நேராகும். அதில் ஐந்து செத்தால் மீதி ஐந்தும் ஆறே முக்கால் மீட்டர் விரிய வேண்டும்.

இதிலிருந்தே இரண்டாவது சிக்கல் தெரியும். வெட்டிய மரம் இரண்டடிச் சுற்றளவு உள்ள இளமரமாக இருந்தாலும் பத்து, நான்கு பேர் கை கோத்தாலும் எட்டாத ஆலமரமாக இருந்தாலும் பத்து. மகாராஷ்டிரம் 2021-ல் செய்த திருத்தம் இந்த ஓட்டையைப் பார்த்திருக்கிறது. அங்கே 50 ஆண்டு தாண்டியது பாரம்பரிய மரம். வெட்டும் மரத்துக்கு எத்தனை வயதோ அத்தனை கன்று நட வேண்டும். வயதைக் கணிப்பதில் சண்டை வரும் என்பது உண்மைதான். சுற்றளவை வைத்துப் படி அமைத்தால் அந்தச் சண்டையும் இராது. வனத்துறை வழக்கப்படி தரையிலிருந்து 1.37 மீட்டர் உயரத்தில், அதாவது நெஞ்சு மட்டத்தில், டேப் போட்டுச் சுற்றளவு எடுத்தால் போதும். ஆலுக்கு விழுது குறுக்கே வரும், வேருக்கு மேல் புடைப்பு இருந்தால் அளவு கூடும். அப்படிப்பட்ட இடத்தில் புடைப்புக்கு மேலே அளந்து, எந்த உயரத்தில் அளந்தோம் என்பதையும் எழுதிவைக்க வேண்டும்.

மூன்றாவது சிக்கல் இடம். ஆயிரம் சாலையோர மரம் போனால் பத்தாயிரம் கன்று. பத்து மீட்டருக்கு ஒன்று என்று சாலையின் இருபுறமும் நட்டால் 50 கிலோமீட்டர் சாலை வேண்டும். அதே பத்தாயிரத்தை மியாவாக்கி முறைக் குறுங்காடு என்ற பெயரில் சதுர மீட்டருக்கு மூன்றாக நெருக்கி நட்டால் 3,333 சதுர மீட்டர், அதாவது சுமார் 82 சென்ட் நிலம் போதும். ஆயிரம் மரத்தின் நிழலைச் சாலையிலிருந்து எடுத்துவிட்டு, எங்கோ ஒரு மூலையில் ஓர் ஏக்கருக்கும் குறைவான புதரைக் காட்டி நிபந்தனை நிறைவேறியது என்று கணக்கை முடிக்கலாம். எண்ணிக்கை சரியாகவே இருக்கும். குறுங்காட்டைக் குறை சொல்வதற்கில்லை, அதற்கான இடத்தில் அது நல்ல வேலைதான். சாலையோர மரத்துக்கு அது ஈடாகாது. ஆணையில் ஒரு கன்றுக்குக் குறைந்தபட்சம் இத்தனை சதுர மீட்டர் என்றோ, மரம் போன இடத்திலிருந்து இத்தனை கிலோமீட்டருக்குள் என்றோ எழுதாதவரை இந்தக் கதவு திறந்தே இருக்கும்.

பெரிய கட்டடங்களுக்கு வேறொரு கணக்கும் இருக்கிறது. 20,000 சதுர மீட்டருக்கு மேல் கட்டும் திட்டங்களுக்குத் தரும் சுற்றுச்சூழல் அனுமதியில், நிலத்தில் 80 சதுர மீட்டருக்கு ஒரு மரம் என்ற நிபந்தனை வருகிறது. இரண்டு ஏக்கர் மனையில் இது 101 மரம். குடியிருப்போர் சங்கங்கள் தங்கள் அடுக்ககத்தின் அனுமதிக் கடிதத்தை ஒருமுறை வாசித்துவிட்டு வளாகத்துக்குள் நடந்து எண்ணிப் பார்க்கலாம். அலங்காரப் பாக்கு வகைகளையும் தொட்டிச் செடிகளையும் சேர்த்து 101 காட்டப்பட்டிருந்தால் கேள்வி கேட்க இடமிருக்கிறது.

நாட்டு மரம் என்றால் எது

நாட்டு மரக் கன்றுகள் என்று மட்டும் விதியில் எழுதினால் போதாது. புளியையே எடுத்துக்கொள்ளுங்கள். நம் சாலைகளின் அடையாளமாக நிற்கும் அதன் பூர்வீகம் ஆப்பிரிக்கா. தூங்குமூஞ்சி தென்னமெரிக்காவிலிருந்தும் குல்மோகர் மடகாஸ்கரிலிருந்தும் வந்தவை. 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னையைக் கடந்தபோது தெருவை அடைத்துக்கொண்டு விழுந்தவற்றில் குல்மோகர், இயல்வாகை, தூங்குமூஞ்சி போன்றவை மிகுதி. மென்மையான கட்டை, அகலமான மேற்பரப்பு வேர், தலைக்கனம் எல்லாம் சேர்ந்து காற்றுக்குக் கைகொடுத்தன. எதை நடலாம் என்று பெயர் சொல்லி ஒரு பட்டியல் இருந்தால் பேச்சு முடிந்தது. பட்டியல் இல்லையென்றால், நர்சரியில் எது மலிவோ அது வந்து இறங்கும். சில ஆண்டுகளாக அப்படி வந்து இறங்கியது கோனோகார்பஸ். சீக்கிரம் வளரும், ஆடு கடிக்காது, ஆண்டு முழுக்கப் பச்சை. ஒப்பந்தக்காரருக்கு இதைவிட என்ன வேண்டும்? குஜராத் 2023-ல் அதை நடத் தடை போட்டது.

பட்டியலும் மண்ணைப் பார்த்துப் பிரிந்திருக்க வேண்டும். கடலோர மணலுக்குப் புன்னை, பூவரசு, பனை. ஏரிக்கரைக்கும் வாய்க்கால் ஓரத்துக்கும் நீர்மருது, நாவல், இலுப்பை, புங்கன். செம்மண் மேட்டுக்கு உசிலை, வேம்பு, வெள்வேல். கரிசலுக்கு நாட்டுக்கருவேலம், விடத்தலை, வன்னி. மின்கம்பி ஓடும் குறுகிய தெருவுக்குச் சரக்கொன்றை, மந்தாரை. கம்பி இல்லாத தெருவென்றால் மகிழம் வைக்கலாம். கம்பி ஓடும் தெருவில் அரசையும் ஆலையும் நட்டுவிட்டு, ஐந்தாம் ஆண்டு மின்வாரியம் ஒருபக்கக் கிளை முழுவதையும் கழிக்க, எடை ஒருபுறம் சாய்ந்து ஏழாம் ஆண்டு காற்றில் விழுந்தால் குற்றம் மரத்தின் மீது இல்லை.

பாதுகாக்க வேண்டியவை எவை என்பதற்கு எப்படிப் பட்டியல் வேண்டுமோ, அப்படியே எடுத்துவிட வேண்டியவை எவை என்பதற்கும் வேண்டும். சீமைக்கருவேலம் மரம்தானே என்று அதற்கும் அனுமதிப் படிவம் கேட்பது வீண். இதில் நடக்கும் தவறு பெரும்பாலும் எதிர்த்திசையில். சீமைக்கருவேலத்தை அகற்றுகிறோம் என்று பொக்லைன் இறங்கும்போது நாட்டுக்கருவேலமும் சேர்ந்து போய்விடுகிறது. முள்ளை மட்டும் பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். பூவையும் காயையும் பார்த்தால் குழப்பம் இல்லை. நாட்டுக்கருவேலத்தின் பூ மஞ்சள் உருண்டை, காய் மணிமணியாக இடைகுறுகி மாலை கோத்ததுபோலச் சாம்பல் நிறத்தில் தொங்கும். சீமைக்கருவேலத்தின் பூ பூனைவால்போல நீளம், காய் வெளிர்மஞ்சளாய் அவரைபோல நேராக இருக்கும். கண்மாய்க்குள் இயந்திரம் இறங்குமுன் நாட்டு மரங்களுக்கு ஒரு சுற்றுச் சுண்ணாம்பு அடித்துவிட்டால் அரைநாள் வேலையில் அவை தப்பும்.

பனை: விதைத்ததைப் பொங்கலுக்குத் தின்றுவிட்டால்

பனை 1978 முதல் மாநில மரம். செங்கல் சூளைக்கு விறகாக மலிவாகப் போய்க்கொண்டிருந்த மரமும் அதுதான். 2021-ஆம் ஆண்டு முதல் வேளாண் நிதிநிலை அறிக்கையில், பனையை வெட்ட வேண்டுமென்றால் ஆட்சியரின் அனுமதி கட்டாயம் என்று அறிவித்தார்கள். 30 மாவட்டங்களில் 76 லட்சம் பனை விதையும் ஒரு லட்சம் கன்றும் தரும் பனை மேம்பாட்டு இயக்கமும் அதே அறிக்கையில் வந்தது. பனை அளவுக்கு நேரடியான பாதுகாப்பு சமவெளியில் வேறெந்த மரத்துக்கும் பேசப்படவில்லை.

பனைக்கு ஈடு கட்டுவதுதான் இருப்பதிலேயே கடினம். பழம் விழும் ஆவணி, புரட்டாசியில் கொட்டையைச் சேகரித்து அப்போதே ஊன்ற வேண்டும். கொட்டையிலிருந்து வரும் முளை மேலே வராது, கீழே இறங்கும். ஒன்றிரண்டு அடி ஆழத்துக்குப் போய், அங்கே கிழங்காகப் பருத்து, பிறகுதான் குருத்து மேலே எழும். மூன்று நான்கு மாதத்தில் தோண்டினால் அது பனங்கிழங்கு. தை மாதத்தில் சந்தைக்கு வருவது அதுதான். ஏரிக்கரையில் ஆயிரம் விதை ஊன்றிய இடத்தில் அடுத்த ஆண்டு நூறு வடலிகூட, அதாவது இளம்பனைகூட, இல்லாமல் போவதற்கு வறட்சி மட்டுமே காரணம் என்று நினைக்க வேண்டாம். கிழங்குக்காகத் தோண்டியிருப்பார்கள். ஒரே இடத்தில் குவித்து முளைக்கவைத்து எடுப்பதற்கெனத் தனிப் பாத்தி போட்டுக் கொடுத்துவிட்டால் கரையில் ஊன்றியது தப்பும். இது ஊரோடு பேசித் தீர்க்க வேண்டிய விஷயம், காவல் போட்டுத் தீராது.

முளை கீழே இறங்குவதால் பனைக்கன்றைப் பிடுங்கி நடுவதும் கடினம். சாதாரணப் பையில் வளர்த்தால் அடி முட்டிக் கிழங்கு வளையும். நேரடி விதைப்பே சிறந்தது. பத்தடிக்கு ஒன்றாக, நான்கு விரல் முதல் அரையடி ஆழத்தில் ஊன்றலாம். அலகுப்பனையா (ஆண்) பருவப்பனையா (பெண்) என்பது பூக்கும்வரை தெரியாது. பூக்கப் பன்னிரண்டு, பதினைந்து ஆண்டு ஆகும், வறண்ட இடத்தில் அதற்கு மேலும் ஆகும். நுங்கு வெட்டிய ஒரு பருவப்பனைக்கு ஈடாகப் பத்து விதை ஊன்றி ஐந்து பிழைத்தால், அதில் பெண் எத்தனை என்று அடுத்த தலைமுறைதான் சொல்ல முடியும். 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் வேதாரண்யம் பக்கம் தென்னந்தோப்புகளைப் படுக்கவைத்தபோது தாங்கி நின்ற மரம் இது. வெட்டுவதற்கான காரணத்தை இதனால்தான் மற்ற மரங்களைவிடக் கடுமையாகப் பார்க்க வேண்டும்.

நட்டது ஏன் சாகிறது

நடும் மாதத்திலேயே பாதி முடிவாகிவிடுகிறது. கிழக்கு மாவட்டங்களில் வடகிழக்குப் பருவமழை தொடங்கும் ஐப்பசியிலும், தென்மேற்குப் பருவம் கிடைக்கும் மேற்கு விளிம்பில் ஆனி, ஆடியிலும் நட வேண்டும். விழா எந்த மாதத்தில் வருகிறதோ அந்த மாதத்தில் நட்டால் சித்திரை வெயிலைக் கன்று தாங்காது.

குழி இரண்டடிக்கு இரண்டடி, ஆழம் இரண்டடி. சரளை, கல்மண் என்றால் மூன்றடி. மேல்மண்ணைத் தனியாகக் குவித்துவைத்து, அதோடு மூன்றில் ஒரு பங்கு மக்கிய தொழுவுரம் கலந்து கீழே போட வேண்டும். கன்று ஐந்தடி, ஆறடி உயரமும் ஒன்றரை இரண்டு ஆண்டு வயதும் உள்ளதாக இருந்தால் ஆட்டு வாய்க்கு எட்டாது. நீண்ட நாள் பையில் இருந்த கன்றில் வேர் அடியில் சுருட்டிக்கொண்டிருக்கும். அந்தச் சுருளைக் கத்தியால் வெட்டிவிடாமல் நட்டால், வேர் வெளியே போகாமல் தன்னையே சுற்றி, எட்டாம் பத்தாம் ஆண்டு தன் கழுத்தையே நெரித்துக்கொள்ளும். வெளியில் காரணம் தெரியாமல் மரம் காய்வதற்கு இதுவும் ஒரு காரணம். பிளாஸ்டிக் பையோடு குழிக்குள் வைப்பது இன்னும் நடக்கிறது. செத்த கன்றைப் பிடுங்கிப் பார்த்தால் பை அப்படியே வரும். தண்டும் வேரும் சேரும் இடம் தரைமட்டத்தில் இருக்க வேண்டும். அதை அரையடி புதைத்தால் பட்டை அழுகும்.

பிறகு தண்ணீர். முதல் இரண்டு கோடைக்கு வாரம் இருமுறை, ஒவ்வொரு முறையும் 15 லிட்டர். பத்தாயிரம் கன்றுக்கு ஒரு சுற்று ஒன்றரை லட்சம் லிட்டர். 12,000 லிட்டர் டேங்கர் லாரியில் பன்னிரண்டரை லோடு. மூன்று மாதக் கோடையில் 26 சுற்று, 325 லோடு. நட்டோம், பராமரிக்கிறோம் என்று எழுதிக் கொடுக்கும் எந்தத் துறையிடமும் கேட்க வேண்டிய முதல் கேள்வி இந்த லாரிக் கணக்குதான். மதிப்பீட்டில் குழிக்கும் கன்றுக்கும் வேலிக்கும் தொகை இருந்து தண்ணீருக்கு இல்லையென்றால், கன்று சாகும் என்பது நடும் முன்பே எழுதி வைத்த முடிவு. காய்ந்த இலையோ தென்னை மட்டையோ மூடாக்காகப் போட்டால் தண்ணீர் கொஞ்சம் மிச்சமாகும். தண்டை ஒட்டிப் போடக் கூடாது, கரையான் ஏறும்.

டெல்லியில் அனுமதி வாங்குபவர் வைப்புத்தொகை கட்ட வேண்டும். பிழைத்த கன்றை எண்ணிப் பார்த்துப் பணத்தைத் திருப்பித் தரும் இந்த முறை இங்கேயும் வந்தால், தண்ணீர் லாரி தானாக வரும்.

பெயர்த்து நடுவது

மரத்தை வேரோடு எடுத்து வேறிடத்தில் நடுகிறோம் என்றால் எதிர்ப்பு அடங்கிவிடும். அளவைப் பார்த்தால் எவ்வளவு நடக்கும் என்பது புரியும். அடிமரம் ஓரடி விட்டம், அதாவது 30 சென்டிமீட்டர் என்றால் வேர்ப்பந்து அதைப்போலப் பத்து மடங்கு, மூன்று மீட்டர் அகலம் வேண்டும். ஒரு மீட்டர் ஆழம் என்று வைத்தால் ஏழு கன மீட்டர் மண். மண் மட்டுமே 11 டன். இதற்குக் கிரேன் வேண்டும். முன்கூட்டியே ஒருபாதிச் சுற்றில் வேரை வெட்டி, புதுவேர் விட்டபின் மறுபாதியை வெட்டி, பந்தைச் சாக்கால் கட்டித் தூக்க வேண்டும். நடப்பதோ, ஒரே நாளில் பொக்லைனால் நெம்பி, கிளையெல்லாம் கழித்துக் கட்டையாக்கி, லாரியில் கொண்டுபோய் நடுவதுதான். அரசு, ஆல், பூவரசு போன்றவை அப்படியும் துளிர்க்கலாம், கிளையை ஊன்றினாலே வரும் மரங்கள் அவை. ஆணிவேரை நம்பி நிற்கும் முற்றிய புளியும் நாவலும் தாங்குவது அரிது. முதல் துளிர் வந்ததும் படம் எடுத்து வெற்றி என்று போடுவார்கள். அது தண்டில் மிச்சமிருந்த சத்தில் வந்த துளிர். இரண்டாம் கோடை தாண்டினால்தான் வேர் பிடித்தது என்று பொருள். டெல்லியின் 2020 கொள்கை, பாதிக்கப்படும் மரங்களில் குறைந்தது 80 சதவீதத்தைப் பெயர்த்து நட வேண்டும், அதில் 80 சதவீதம் பிழைக்க வேண்டும் என்கிறது. நட்டதாகக் கணக்குக் காட்டுவதோடு விடாமல் பிழைப்பையும் ஆணையிலேயே எழுதியிருப்பது அதன் பலம்.

வெட்டாமலே கொல்வது

மரத்தைத் தொடவில்லை, பக்கத்தில் வடிகால் மட்டும்தான் தோண்டினோம் என்பார்கள். உறிஞ்சும் வேரில் பெரும்பகுதி மேல் இரண்டடி மண்ணில்தான் இருக்கிறது. அடிமர விட்டத்தைப்போலப் பன்னிரண்டு மடங்கு தூரம்வரை தோண்டாமல் இருப்பது நல்லது. ஓரடி மரத்துக்கு அது 3.6 மீட்டர். தெருவில் அவ்வளவு இடம் கிடைக்காது என்பது உண்மை. அங்கே வேர் வரும் இடத்தில் மட்டும் இயந்திரத்தை நிறுத்திக் கையால் தோண்டி, பெரிய வேருக்குக் கீழாகக் குழாயை நுழைக்கலாம். அடியை ஒட்டிச் சிமென்ட் பூசுவதும் மெதுவாகக் கொல்லும் வேலைதான். மரத்தைச் சுற்றி ஒரு மீட்டர் ஆரத்துக்குள் உள்ள கான்கிரீட்டை எடுக்கச் சொல்லி 2013 ஏப்ரலில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் டெல்லிக்கு உத்தரவிட்டது. பேவர் பிளாக் பதிக்க வருகிறவர்களிடம் காட்ட வசதியான அளவு அது.

வெட்டும் முன் கேட்க வேண்டியவை

ஊராட்சியில் ஆண்டுக்கு ஆறு கிராம சபை: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. ஊரிலுள்ள பெரிய மரங்களைச் சர்வே எண், வகை, நெஞ்சு மட்டச் சுற்றளவோடு எழுதி, தீர்மானமாகப் பதிவுசெய்து வைப்பதற்குப் பெரிய செலவில்லை. 2002-ஆம் ஆண்டு உயிரியல் பன்மயச் சட்டப்படி ஒவ்வோர் உள்ளாட்சியிலும் பல்லுயிர் மேலாண்மைக் குழு இருக்க வேண்டும். மக்கள் பல்லுயிர்ப் பதிவேட்டில் இந்தப் பட்டியலை ஏற்றவும் அதே குழுவிடம் கேட்கலாம். மதுரைப் பக்கம் அரிட்டாபட்டியை 2022-ல் மாநிலத்தின் முதல் பல்லுயிர் பாரம்பரியத் தலமாக அறிவித்தது இந்தச் சட்டத்தின் கீழ்தான்.

மரம் வெட்டப்போவதாகத் தெரிந்தால், மாவட்டப் பசுமைக் குழுவின் அனுமதி எண், நிகழ்விட ஆய்வு அறிக்கை, எத்தனை மரம் எந்தச் சுற்றளவில் என்ற பட்டியல், ஈடாக நடும் இடத்தின் சர்வே எண், வகை, நடும் மாதம், மூன்றாண்டுத் தண்ணீர்ச் செலவுக்கான தொகை ஆகியவற்றைத் தகவல் உரிமைச் சட்டத்தில் தனித்தனிக் கேள்வியாகக் கேளுங்கள். ஒரே கேள்வியாகக் கேட்டால் ஒரே வரியில் பதில் வரும்.

மனு போய்ச் சேருமுன் மரம் விழுந்துவிட்டால் அடிக்கட்டையாவது மிஞ்சும். தரையோடு தோண்டி எடுப்பதற்குள் அதன் குறுக்கே டேப்பை நீட்டிவைத்து, பக்கத்து மின்கம்பத்து எண்ணும் தெரியும்படி படம் எடுத்துவிடுங்கள். சிறு மரம் இரண்டுதான் எடுத்தோம் என்று எழுதி வரும் பதிலுக்கு முன்னால் வைக்க அந்த அளவு வேண்டும்.